சேமிக்கும் கை

அச்சகத்தில் கணினியில் தட்டச்சு செய்யும் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். இரண்டு வரிக்கு ஒருமுறை இடது கை தானாகப் போய்ச் சேமித்துவிடும். திரையில் எந்தப் பெட்டி எழுந்தாலும் வலது கை படிக்காமலே 'சரி' என்று அமுக்கிவிடும். ஒருமுறை மின்சாரம் போய் ஒரு நாள் உழைப்பு பாழானதிலிருந்து இப்படி. "உன் கையில பேய் இருக்குக்கா" என்பான் தம்பி.

அந்தத் தம்பி இறந்து பன்னிரண்டு வருடம். தன் மகளுக்குப் பதினெட்டு ஆனதும் கொடுக்கச் சொல்லி அவன் எழுதிய கடிதம், ஒரே ஒரு கோப்பாக அவளிடம் இருந்தது. திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து இதுவரை தொட்டதில்லை. இன்று அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு. ஐந்து மணிக்கு வருகிறாள்.

மூன்று மணிக்குத் திறந்தாள். திரை முழுக்கக் கட்டமும் கோணல் குறியும். தமிழ் என்று சொல்ல ஓர் எழுத்து இல்லை. திகைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை வேலையைக் காட்டிவிட்டது. 'சரி' என்று அமுக்கிய பிறகுதான் பெட்டியில் இருந்தது மூளையில் ஏறியது: சில எழுத்துகள் அழிந்துபோகும், சேமிக்கவா?

இன்னொரு பெட்டி எழுந்தது. அதைப் படிக்கும் தைரியம் இல்லாமல் எழுந்து ஓடினாள்.

மெய்ப்பு பார்ப்பவருக்கு அச்சகத்தில் 'நிதானம்' என்று பெயர். தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். பழைய கோப்புகளை மீட்பதில் கெட்டிக்காரர். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சீக்கிரம் வாங்க சார்! தம்பி கடிதத்த நானே அழிச்சிட்டேன்."

"பதறாதம்மா. எதையும் தொடாத."

"தொட்டுட்டேன்னுதானே சொல்றேன்!"

அவர் வந்து உட்கார்ந்து, திரையில் நின்ற பெட்டியை நிறுத்தி நிறுத்திப் படித்தார். "சேமிக்க முடியவில்லை. இது படிக்க மட்டுமான கோப்பு." திரும்பிப் பார்த்தார். "யாரோ பூட்டி வெச்சிருக்காங்கம்மா. ஒண்ணும் போகல."

சேமிக்காமல் மூடினார். முதலில் ஒரு பிரதி எடுத்தார். அது எந்தக் காலத்துக் கோப்பு என்று கேட்டு, அந்தக் காலத்து எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்துப் பிரதியைத் திறந்தார். கட்டங்கள் போய்த் தமிழ் வந்தது. உடனே நாற்காலியை அவளிடம் விட்டுவிட்டு வெளியே போனார். கடிதத்துக்கு மேலே தம்பி அவளுக்கென்று எழுதியிருந்தான்:

"அக்கா, முதல்ல கையை எடு. உன் பேயைப் பத்தித் தெரிஞ்சுதான் பூட்டிட்டுப் போறேன். இனி எம்பொண்ணுகிட்ட குடு."

இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். கண்ணைத் துடைக்கக்கூட அவற்றை எடுக்கவில்லை.