தாசில்தாரைக் கூப்பிட்ட மணி

ஹம்சாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். அத்தனை தூரம் சைக்கிள் மிதித்துப் போய்விட்டு, பார்க்கப் போன பறவையைப் பார்க்காமல் திரும்ப அவளால் ஆகாது. காரில் வருகிறவர்கள் ஃபிளாஸ்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு அரை நாள் காத்திருப்பார்கள். இவள் வெயில் ஏறுவதற்குள் சிகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிற வீட்டுக்கு மிதித்துத் திரும்ப வேண்டும். அதனால் பறவையின் குரலைக் கைபேசியில் போட்டுக் கூப்பிட்டுவிடுவாள். அதுவும் வந்துவிடும். படம் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அப்படி ஒரு வருஷமாக அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு கொம்பன் ஆந்தையை. நகரத்துக்கு வடக்கே, கல் எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு குவாரியின் பாறை விளிம்பில் அது குடியிருந்தது. காதுக்கு மேல் இரண்டு இறகுக் கொம்பு, ஆரஞ்சுக் கண், மனு கொடுக்க வந்தவர்களைப் பார்க்கிற பார்வை. தாசில்தார் என்றுதான் அவள் அதைச் சொல்வாள். அதற்கு ஜோடி ஒன்று உண்டு. அது சங்கோஜி, பாறை இடுக்கை விட்டு வெளியே வராது.

குரலும் அவளே பதிவு செய்ததுதான். போன குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, தாசில்தார் மூச்சு விடாமல் கூவியபோது பிடித்தது. பதிவு முடிகிற இடத்தில் அவள் புருஷன் ஜெகதீஸ்வரனின் முழங்கை அவளுடைய சைக்கிள் மணியில் பட்டு, டிணக் என்று ஒரு சத்தம். விலை உயர்ந்த கியர் சைக்கிளில் அவள் மாட்டியிருந்தது ஒரு பழைய பித்தளை மணி. உள்ளே ஏதோ கழன்று, வேறெந்த மணிக்கும் இல்லாத ஒரு நசுங்கிய ஓசை அதற்கு. அந்தச் சத்தத்தை வெட்டி எறிந்திருக்கலாம். யார் மெனக்கெடுவது? அப்படியே பறவைக்காரர்களின் இணையதளத்தில் ஏற்றிவிட்டாள். இடத்தை மட்டும் மறைத்தாள். தீபாவளி அமாவாசைக்கு ஆந்தையைப் பிடித்துப் பூஜையில் பலி கொடுக்கிற கூட்டம் இருக்கிறது என்பது பறவை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் நன்றாகவே தெரியும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது இருவரும் இருட்டோடு கிளம்பினார்கள். ஜீடிமெட்லா பக்கம் வரும்போது மருந்துத் தொழிற்சாலைகளின் வழக்கமான நெடி மூக்கில் ஏறியது. ஹம்சா துப்பட்டாவை மூக்கோடு சுற்றிக்கொண்டாள். பொள்ளாச்சிக் காற்றில் வளர்ந்தவள், கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் இந்த நெடி மட்டும் அவளுக்குப் பழகவில்லை. ஜெகதீஸ்வரனின் குடும்பம் நாலு தலைமுறையாக சிகந்திராபாத்தில் இருக்கிறது. அவனுக்கு அது நெடியாகவே தெரியாது.

தொழிற்பேட்டை தாண்டியதும் ஒரு டீக்கடையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கவாட்டில் இரண்டு மூங்கில் கழிகள், பின்னால் ஒரு கோணிமூட்டை. அதன் ஆட்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்னை ஒரு புது ஆள் ஃபாலோ பண்றான், தெரியுமா?" ஜெகதீஸ்வரன் கைபேசியைப் பார்த்தபடி கேட்டான். "சைக்கிள் ஆப்ல. உன் ரைடு ஒண்ணு விடாம லைக் போட்டிருக்கான். பேர் இல்ல, போட்டோவும் இல்ல."

"நாலு பேரு பார்க்கட்டுமேங்க. நாம மிதிக்கறது என்ன பொய்யா?"

"அது நக்கோ, வேணாம். மேப்பை எல்லாம் கைக்கு, எதுக்கு எல்லாருக்கும் காட்டறே? எங்க நின்னே, எவ்வளவு நேரம் நின்னே, எல்லாம் இருக்கு அதுல."

"ஏனுங்க, நீங்க வேற. போற வழிய யாரு திருடிட்டுப் போயிருவாங்க?" என்று சிரித்தாள் ஹம்சா.

பெஞ்சில் இருந்தவர்களில் இளையவன் எழுந்து வந்தான். அவளுடைய சைக்கிளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, கேட்காமலே, மணியைக் கட்டைவிரலால் தட்டினான். டிணக். இன்னொரு முறை தட்டினான். பெஞ்சில் இருந்த மற்றவனைத் திரும்பிப் பார்த்து, "வஹீ ஹை" என்றான். அதுவேதான் என்று அர்த்தம். அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான்.

"பெல் நல்லா இருக்கு மேடம்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறினான். இருவரும் வடக்குச் சாலையில் போனார்கள்.

ஹம்சா டீயைப் பாதியில் வைத்துவிட்டாள். எது அதுவேதான்? கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லையே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"யாருங்க அது?"

"யாரோ. ஏன், பயந்துட்டியா?"

"இல்லீங்க. சீக்கிரம் போலாம், வாங்க."

அவள் முன்னால் மிதித்தாள். குளத்தோரத்தில் ஒரு மீன்கொத்தி கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருந்தது, நிற்கவில்லை. கம்பியில் வரிசையாகக் கரிச்சான்கள், நிற்கவில்லை. ஜெகதீஸ்வரன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஹவ், ஆமா, பறவை பார்க்கத்தானே வந்தோம்?" என்று கேட்டான். அவள் கியரை மாற்றி இன்னும் வேகமாக மிதித்தாள்.

குவாரி வாசலில் கருவேலம் புதருக்குள் அந்த மோட்டார் சைக்கிள் நின்றது. கழிகளும் இல்லை, மூட்டையும் இல்லை.

நன்றாக வெளுத்திருந்தது, சூரியன் மட்டும் இன்னும் எழவில்லை. ஹம்சா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மேலே விளிம்பில், வழக்கமான இடத்தில், தாசில்தார் உட்கார்ந்திருந்தது. இருக்கிறது. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

அப்போது கூவல் கேட்டது. ஊம்... ஊஊம்.

தாசில்தார் கூவவில்லை. சத்தம் கீழேயிருந்து, குவாரியின் மறுகோடிப் புதர்களிலிருந்து வந்தது. இன்னொரு ஆணா என்று ஒரு கணம் அவளுக்கு ஆசைகூட வந்துவிட்டது, பாவி மனசு. ஊம்... ஊஊம். கொஞ்சம் இடைவெளி. பிறகு, டிணக்.

அவள் ஜெகதீஸ்வரனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பத்தடி தள்ளி நின்றிருந்தான். அவளுடைய மணிமேல் யார் கையும் இல்லை.

குரல் அவள் ஏற்றியது. வழி அவள் போட்ட வரைபடத்தில் இருந்தது. வாரா வாரம் இதே குவாரியில் போய் நிற்கிற கோடு. இடத்தை ஒரு பக்கம் மறைத்துவிட்டு இன்னொரு பக்கம் தானே விரல் நீட்டிக் காட்டியிருக்கிறாள்.

"என்னுதுங்க" என்றாள். "அது என் ரெக்கார்டிங்குங்க."

மறுகோடியில் இரண்டு கழிகள் நட்டிருந்தன. நடுவில் ஒன்றுமில்லாத மாதிரி இருந்தது. கூர்ந்து பார்த்தால்தான் வலை தெரிந்தது.

மேலே தாசில்தாரின் கொம்புகள் விறைத்தன. தன் எல்லைக்குள் எவனோ வந்துவிட்டான் என்று அது முன்னால் சாய்ந்தது. ஹம்சா கையைத் தட்டிக் கத்தினாள். ஜெகதீஸ்வரனும் கத்தினான். தாசில்தார் திரும்பக்கூட இல்லை. அவள் சைக்கிளிடம் ஓடிப்போய் மணியைப் பிடித்து அடித்தாள். டிணக், டிணக், டிணக். எப்படியாவது பயந்து பறந்து தொலையட்டும் என்று விரல் வலிக்க அடித்தாள்.

தாசில்தார் ஒருமுறை அவளைப் பார்த்தது. அந்த மணியைக் கேட்டு அது ஏன் பயப்பட வேண்டும்? ஒரு வருஷமாகக் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒரு கெடுதலும் அதற்கு வந்ததில்லை. இறக்கையை விரித்து, ஓசையே இல்லாமல், புதர்களை நோக்கி இறங்கியது.

கழிகள் இரண்டும் ஆடின. இரண்டு உருவங்கள் எழுந்தன. ஹம்சா கற்களில் தடுக்கி விழுந்து எழுந்து ஓடினாள். பாதி தூரம் போவதற்குள் கோணியைக் கட்டி எடுத்துக்கொண்டு அவர்கள் வேலிச் சந்து வழியே போய்விட்டார்கள். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. ஜெகதீஸ்வரன் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வனத்துறை எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தான். யாரும் எடுக்கவில்லை.

வலையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதன் காலடியில், கல்லுக்கு நடுவே, கையடக்கமான ஒரு ஸ்பீக்கர். அது இன்னும் கூவிக்கொண்டிருந்தது. ஊம்... ஊஊம். டிணக்.

மேலே பாறை இடுக்கிலிருந்து பதில் வந்தது.

ஜோடி. ஒரு வருஷத்தில் முழுசாகப் பார்க்கக் கிடைக்காத அந்தச் சங்கோஜி, இடுக்கை விட்டு விளிம்புக்கு வந்து, கீழே பார்த்து நின்றது. வலையைப் பார்த்து நின்றது.

ஹம்சா ஸ்பீக்கரைத் தூக்கினாள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நிற்கவில்லை. பாறையில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். மூன்றாவது அடியில் கூவல் பாதியில் அறுந்தது. ஜெகதீஸ்வரன் கழிகளைப் பிடுங்கி வலையைச் சுருட்டினான். அதில் பழுப்பு இறகுகள் ஒட்டியிருந்தன.

மேலே அது மறுபடி கூப்பிட்டது. கொஞ்சம் நிறுத்திக் காத்திருந்தது. மறுபடி கூப்பிட்டது.

"வா ஹம்சா, போலாம்" என்றான் ஜெகதீஸ்வரன்.

அவள் அசையவில்லை. அது கேட்கிற குரல் அவளுடைய கைபேசியில் இருந்தது. கை தானாகப் பைக்குள் போயிற்று. ஒருமுறை, ஒரே ஒருமுறை பதில் கொடுத்தால் அது அடங்கி உள்ளே போய்விடும் என்று தோன்றியது.

கையை வெளியே எடுத்தாள். சைக்கிளுக்குத் திரும்பிப் போய் அந்த மணியைக் கழற்றி மண்ணில் வைத்துவிட்டு, மேலே ஜோடி கூப்பிடக் கூப்பிட, பதில் சொல்லாமல் கீழேயே உட்கார்ந்திருந்தாள்.