இரண்டு சிவப்புக் கட்டங்கள்

பேனரின் இடது மூலையைச் சவுக்குக் கம்பத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு அரிகரன் இறங்கும்போது, அருள்மொழி அப்பாவின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஐஸ் பெட்டியில் கிடக்கிற அப்பா அல்ல. ‘கண்ணீர் அஞ்சலி’க்குக் கீழே, மாட்டைவிடப் பெரிதாகச் சிரிக்கிற அப்பா. சுப்புராயன் உயிரோடிருந்தவரை எங்கேயும் அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. கரும்பு லாரி வந்தால் வேலியோடு வேலியாக ஒட்டிக்கொள்கிற ஆள்.

சட்டைக் கோடுகள் வலது தோளில் ஒரு மடிப்பும் இல்லாமல் நேராக ஓடின. அப்பாவின் சட்டை அப்படி ஓடாது. அந்த வீட்டுக்கு இஸ்திரிப் பெட்டி வந்ததே இல்லை.

திருவாண்டார்கோயில் பக்கம் மருந்துக்கு அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஒப்புதலான படம் ஒரு பக்கம், அச்சாகி வந்தது மறுபக்கம். தட்டினால் மென்பொருள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, மாறியிருக்கிற இடத்தில் சிவப்புக் கட்டம் போடும். ஒரு புள்ளி குறைந்தாலும் கட்டம்தான். அந்த வேலைக்குப் போனதிலிருந்து அவளால் எதையும் ஒற்றையாகப் பார்க்க முடியவில்லை. பெண் பார்க்க வந்தவனையே அவன் அனுப்பிய போட்டோவோடு ஒப்பிட்டு, கட்டங்கள் அதிகமாக விழுந்ததால் வேண்டாமென்றாள் என்று ஊரில் பேச்சு உண்டு.

பேனர் கடைக்காரனும் லேசுப்பட்டவன் அல்ல. கரியமாணிக்கத்தில் செத்த ஒருவருக்கு மூன்று காது வைத்து அடித்துக் கொடுத்தான். வீட்டார் திருப்பித் தரவில்லை. இரண்டு காதும் கேட்காமலே வாழ்ந்த மனிதர், ஒன்று கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

“அரி, கடைக்காரன் அனுப்புன படத்த எனக்கு அனுப்பு.”

“இன்னாக்கா, மாமா நல்லாதான இருக்காரு?”

சித்தப்பாவை அவன் சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவான். யாரும் திருத்தவில்லை. சுப்புராயனுக்கு ஆண்பிள்ளை கிடையாது. கொள்ளி வைக்கப் போகிறவன் அண்ணன் மகனான இந்த அரிகரன்தான்.

அங்கேதான் சிக்கல். தங்கை சரண்யா கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறாள். பிரிட்டோவைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அவள் இந்தத் தெருவுக்குள் வந்ததில்லை. பெரியப்பா சிங்காரவேலு காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“எந்தம்பி அவளத் தல முழுவிட்டான். சாவற வரிக்கும் அவ பேர எடுக்கல. அவ இந்தத் தெருவுல கால வச்சா எம்புள்ள கொள்ளி வைக்கமாட்டான்.”

அப்பா தலை முழுகினாரா என்பது அருள்மொழிக்கே தெரியாது. அவர் எதையும் சொல்கிற ஆள் இல்லை. காலையில் அழுதுகொண்டே அவர் போனைத் துழாவியபோது ஒரே ஒரு படத்தில் சிரித்தார். முகத்தை மட்டும் பார்த்து அவசரமாக அரிகரனுக்குத் தள்ளிவிட்டாள்.

இப்போது அந்தப் படத்தையும் கடைக்காரன் படத்தையும் போனில் ஏற்றியிருந்த கம்பெனி மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். இரண்டு கட்டம் விழுந்தது.

ஒன்று தோளில். அசல் படத்தில் அங்கே, சிவப்பும் பச்சையுமாக முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கிய ஒரு கை. வளைகாப்புக் கை. இன்னொன்று படத்தின் ஓரத்தில், சந்தனக் கிண்ணம் நீட்டுகிற வேறொரு கை. அதன் மணிக்கட்டில் பச்சை குத்திய தேள்.

போன தை மாதம் அப்பா மாடு பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாகூர் பக்கம் போனார். மாடில்லாமல், சந்தன வாசனையோடு திரும்பினார். மாட்டுத் தரகர்கள் இப்போதெல்லாம் சந்தனம் பூசித்தான் அனுப்புகிறார்கள் என்றார். அதே நாள் பெரியம்மா விருத்தாம்பாள் பல் பிடுங்கப் போயிருந்தாள். எந்தப் பல் என்று யாரும் கேட்கவில்லை.

கொல்லையில் பெரியம்மா, பிணத்தைக் குளிப்பாட்டச் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்தாள்.

“கடைக்காரன்கிட்ட கைய அழிக்கச் சொன்னது நீதானாமே, பெரீமா? அரி சொன்னான்.”

“சாவு பேனர்ல ஊர்ப்பட்ட கை எதுக்கு?”

“இது உன் கை.”

விருத்தாம்பாள் போனை எட்டப் பிடித்துப் பார்த்தாள். “தேளு நல்லா வுழுந்துருக்குது” என்றாள்.

“பெரீப்பாகிட்ட காட்டப் போறேன்.”

“காட்டு. ஒங்கப்பன் செத்துட்டான், அவன இனிமே யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. நான் உசுரோட கெடக்கறன். இதே மனுசனுக்குத்தான் நாளைக்கும் சோறு போடணும்.” சீயக்காயை இன்னும் வேகமாகக் கரைத்தாள். “பஸ் ஸ்டாப்புலயே அழுதுட்டுப் போவச் சொல்லுடி. நான் இன்னொரு பல்லு வலின்னு சொல்லிட்டுப் போயி பாத்துக்கறேன்.”

அருள்மொழி போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

பந்தலில் பெரியப்பா முன்னால் போனை நீட்டியபோது, தேள் இருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மூடியிருந்தாள்.

“அப்பா வளகாப்புக்குப் போயிருக்காரு, பெரீப்பா. தோள்ல இருக்கறது சரண்யா கை. பேனர்ல அழிச்சிட்டாங்க.”

சிங்காரவேலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “வளையல் போட்டதெல்லாம் அவ கையா? பஸ்ல ஏறினா ஆயிரம் கை ஒரசுது. மெஷின் கட்டம் போட்டா ஆச்சா?” பிறகு, “வெரல எடு. இன்னாத்த மூடி வச்சிருக்கற?”

அவள் எடுக்கவில்லை. எடுத்தால் தங்கை உள்ளே வருவாள். எடுத்தால் பெரியம்மா போவதற்கு வேறு வீடு கிடையாது.

பின்னால் சீயக்காய் வாசனை வந்தது. விருத்தாம்பாள், அருள்மொழியின் விரலைப் பிடித்து நகர்த்திவிட்டுத் தன் ஈர மணிக்கட்டைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதானான்னு பாத்துக்கங்க. சந்தனம் நீட்டினது நான். அவ அவன் தோள்ல கைய வச்சா. அதுக்குத்தான் ஒங்க தம்பி அப்டி சிரிச்சான்.”

கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தேளோடு ஒரே பாயில் படுத்தவர் சிங்காரவேலு. அவருக்கு மென்பொருள் தேவைப்படவில்லை. பறை காய்ச்சுகிறவர்கள் வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள்; புகை பந்தலுக்குள் வந்து போயிற்று.

“அப்ப பல்லு?” என்றார்.

“வாயிலதான் இருக்குது.”

சிங்காரவேலு எழுந்தார். மனைவியையும் பார்க்கவில்லை, அருள்மொழியையும் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அருள்மொழி பஸ் ஸ்டாப்புக்குப் போன் போட்டாள்.

குளிப்பாட்டி முடித்து, வாய்க்கரிசிக்கு ஆட்கள் வரிசையில் நின்றபோது சரண்யா வந்தாள். பிரிட்டோ குழந்தையோடு தெருமுனையிலேயே நின்றுகொண்டான். வரிசை அசையாமல் நின்றது. அரிகரன் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் அரிசித் தட்டைப் பிடித்தபடி பந்தல் கீற்றை எண்ணுகிறவர்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரண்யா குள்ளம். தட்டு கொஞ்சம் கீழே இறங்கியது.

நனைந்த அரிசி அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டு அப்பாவின் வாயில் விழ மறுத்தது. அவள் உதற உதற, பெரியப்பா தட்டை அடுத்த ஆளுக்கு நகர்த்தாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.