சுண்டுவின் மூன்றாவது மாதிரி

காலையில் பரிசோதனைக்கூடத்துக்கு வந்த மல மாதிரிகளில் ஒரு குப்பியின் மேல், இன்னும் பெயர் வைக்காத பிள்ளைக்காக, அங்கே வேலை பார்க்கும் அவளுடைய அக்காவின் பெயர் இருந்தது. அதைக் கையில் எடுத்தபோது அவளுக்கு எந்தப் பயமும் இல்லை.

அக்காவின் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். ஒரு கிலோவுக்குச் சற்று மேல். எல்லாருக்கும் அவன் சுண்டு. இப்படிக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் ஒன்று வருவதுண்டு. வந்தால் சில மணி நேரத்தில் முற்றிவிடும். குடல் புண்பட்டால் மலத்தில் கூடும் புரதம் ஒன்றை வைத்து அதை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்று அந்த மருத்துவமனையில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நான்கு நாளுக்கொரு மாதிரி. சோதிப்பது அவள் வேலை. சுண்டுவுக்கு முதலில் நூற்றெண்பது, அடுத்தது இருநூறு.

இன்று இயந்திரம் ஆயிரத்து நூறு என்றது.

கரைத்ததில் பிசகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடி எடை போட்டு, கரைத்து, வைத்தாள். அதற்குள் அக்காவின் போன்.

"ஏன்டி, டெஸ்ட் வந்துடுச்சா? காலைல பாலைக் கக்கிட்டான். எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல, பொறுத்துப் பாப்போம்னு சொல்றாங்க."

"இன்னும் முடியலக்கா."

இரண்டாம் முறை ஆயிரத்து எண்பது. உடனே குழந்தைகள் டாக்டரைக் கூப்பிட்டாள்.

"இந்த நம்பரை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாதும்மா. குறைமாசப் பிள்ளைங்களுக்கு ஏறி இறங்கும்."

"தெரியும் டாக்டர். ஆனா இவனுக்கு நாலே நாள்ல அஞ்சு மடங்கு ஏறியிருக்கு."

"உங்க அக்கா பையன்தானே?"

"ஆமா. அதனாலதான் ரெண்டு தடவை பாத்தேன்."

"சரி, பாலை நிறுத்திடறேன். போய் வயித்தைத் தொட்டுப் பாக்கறேன்."

அவள் மாடியில் இருந்த குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுண்டுவின் வயிறு பளபளவென்று உப்பி, நீல நரம்புகள் தெரியக் கிடந்தது. அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"நான் போன் பண்ணப்பவே உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்க்கா. ஆனா நம்ப முடியல."

அக்கா திட்டவில்லை. பிடியை மட்டும் விடவில்லை.

மாலை எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள் அந்த நோயின் அடையாளமான காற்றுக் குமிழ்கள் தெரிந்தன. அறுவைச் சிகிச்சை டாக்டர் வந்து பார்த்தார். "ஓட்டை விழல. மருந்து போய்க்கிட்டிருக்கு. சீக்கிரமே பாலை நிறுத்தினது நல்லதாப் போச்சு. ஆனா இப்ப எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன்."

மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறக்கும்போதெல்லாம் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. நான்காம் நாள் வீக்கம் வடியத் தொடங்கியது. கத்தி வைக்கவேண்டி வரவில்லை.

பதினோராம் நாள் நர்ஸ் குழாய் வழியாக ஒரே ஒரு மில்லி பால் விட்டாள். ஒரு மணி நேரமாகியும் சுண்டு கக்கவில்லை.

"போய் ஏதாவது சாப்பிடுக்கா."

"நீ போ. நான் இன்னும் கொஞ்சம் பாத்துட்டு வரேன்."

இரண்டு பேரும் அந்தக் குட்டி வயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அங்கேயே நின்றார்கள்.