இணைப்பு ஏழு: ஒரு கழிவறையின் புகைப்படம்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு இளம்பெண் மடியில் தடித்த ஃபைலை வைத்துக்கொண்டு அழுதபடி

(பொய். நான் மின்சார ரயில் ஏறி மூன்று வருடமாகிறது. இந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.)

உண்மை இதுதான். 2006-இல் தாம்பரத்தை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி (பெயர் வேண்டாம், அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார்) என்னைத் தன் நெறிமுறைக் குழுவில் சேர்த்துக்கொண்டது. மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்வதென்றால் அப்படியொரு குழு அனுமதி தர வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவம் தெரியாத சாமானியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. என்னைவிட மருத்துவம் தெரியாதவர் சேலையூர் வட்டாரத்தில் கிடைக்கவில்லை போலும். நான் இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டிருந்ததை, வேறெதுவும் தெரியாது என்பதற்கான அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். குளிர்சாதன அறை, ஃபில்டர் காபி, சின்னத் தட்டில் நெய்யில் வறுத்த முந்திரி. முதல் மூன்று கூட்டங்களில் நான் வாயைத் திறந்தது முந்திரிக்காக மட்டும்தான். நாலாவது கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். இந்தக் கதை அந்தக் கேள்வியால் வந்தது.

2

இனி ஜோதிலட்சுமி. வயது இருபத்தேழு. சமுதாய மருத்துவத்தில் மேற்படிப்பு. முடிச்சூரில், நேற்றுவரை நெல் விளைந்த பூமியில் நிற்கும் புது வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். முதல் வரைவில் அவளுக்கு ஒரு காதலனைக் கொடுத்திருந்தேன். விண்ணப்பப் படிவங்களை எழுதி முடிப்பதற்குள் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டதால் நீக்கிவிட்டேன்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஆய்வேடு கொடுத்தால்தான் தேர்வு எழுத முடியும். தவறினால் ஒரு வருடம் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கான விஷயம் அவளைத் தேடி வந்தது. கல்லூரி நடத்தும் சேலையூர் நலவாழ்வு மையத்துக்குப் பச்சையம்மா என்கிற மீன் விற்கும் பெண் நாலு மாதத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக வந்தாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லித்தானே அனுப்பினோம் என்று ஜோதிலட்சுமி கொஞ்சம் எரிச்சலோடு கேட்டாள்.

"குடிச்சா எங்க போறது டாக்டரம்மா? விடிகாலம் மூணு மணிக்கு கானத்தூர் குப்பத்துல வண்டி ஏறுனா, வூட்டுக்குப் போய்ச் சேர ரெண்டாயிடுது. நடுவுல ஒரு மறைவு கீதா? அதான் நாங்க யாரும் பல்லுல தண்ணி படவுடறது இல்ல."

மறுநாள் ஜோதிலட்சுமி, கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் பச்சையம்மா மீன் விற்கும் சந்துக்கே போய்ப் பார்த்தாள். மீன், கருவாடு, கீரை விற்கும் பெண்கள் நாற்பத்திரண்டு பேர். விடிந்ததிலிருந்து மதியம் வரை வெயிலில். யாருடைய பக்கத்திலும் ஒரு தண்ணீர் பாட்டில் இல்லை. மையத்தின் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அதே பெண்கள், அதே கடுப்பு. இவர்களில் எத்தனை பேருக்கு நோய்த்தொற்று இருக்கிறது என்று எண்ணிக் காட்டினால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு கழிவறை கேட்கலாம் என்று நினைத்தாள். அந்த வயதில் எனக்கும் தாளின் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

3

விண்ணப்பம் பதினான்கு பிரதிகள், இருபத்து மூன்று இணைப்புகள். அந்த நாலாவது கூட்டத்தில் புள்ளியியல் பேராசிரியர், எத்தனை பேரைச் சோதிக்கப்போகிறார்கள் என்று கேட்டார். வக்கீல் இழப்பீடு பற்றிக் கேட்டார். தலைவர் என் பக்கம் திரும்பி, சாமானியர் ஏதாவது சொல்லப் பிரியப்படுகிறாரா என்றார். முந்திரித் தட்டு காலியாக இருந்தது. சும்மா இருப்பது கௌரவக் குறைவாகப் பட்டது. எனவே கேட்டேன்.

"சோதனைக்குச் சிறுநீர் எடுத்துக் கொடுக்க அந்தப் பெண்கள் எங்க போவாங்க?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். இதுதான் கேள்வி, இதற்காகத்தான் சாமானியர் வேண்டும் என்பது என்றார். எனக்கு ஒரு புதுத் தட்டு முந்திரி வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதை இரண்டு முறை சொன்னேன்.

குழுவின் கடிதம் ஜோதிலட்சுமிக்குப் போனது. ஆய்விடத்திலிருந்து நூறு அடிக்குள், உள்தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிவறை இருக்க வேண்டும். அதன் புகைப்படத்தை இணைப்பு ஏழாகச் சேர்க்க வேண்டும். அதன் பிறகே விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்.

அங்கே கழிவறை இல்லை, இல்லாததுதான் என் ஆய்வே என்று அவள் பணிவாகப் பதில் எழுதினாள். இல்லாவிட்டால் ஆய்வு நெறிமுறைப்படி செய்யத்தக்கதல்ல என்று குழு அதைவிடப் பணிவாக எழுதியது.

(இந்தத் தீர்மானத்துக்கு நானும் கை தூக்கினேன். என்ன யோசித்தேன் என்று இங்கே ஒரு பத்தி எழுத உட்கார்ந்தேன். எழுத ஒன்றுமில்லை.)

4

குமரவேல் அந்தச் சந்தின் முனையிலிருக்கும் இரண்டு மாடிக் காம்ப்ளக்ஸின் சொந்தக்காரர். அவருடைய அப்பா அந்த இடத்தில் கத்திரித் தோட்டம் போட்டிருந்தார். இப்போது ஜெராக்ஸ் கடையும் டியூஷன் சென்டரும் முளைத்திருக்கின்றன. படிக்கட்டுக்குக் கீழே அவர் குடும்பத்துக்கென்று ஒரு கழிவறை, அதற்கு ஒரு பூட்டு. மீன் விற்கிறவர்கள் பதினைந்து வருடமாகக் கேட்டும் அவர் திறந்ததில்லை. ஜோதிலட்சுமி கல்லூரியின் லெட்டர்பேடில், 'ஆராய்ச்சிக்கு உதவும்படி' என்று எழுதி எடுத்துப் போனாள். குமரவேல் கடிதத்தை மூன்று முறை படித்தார்.

"ஆராய்ச்சின்னா சரிங்க மேடம். நம்மாலயும் நாட்டுக்கு ஏதாவது ஆவட்டும்."

கடிதத்தை ஃபிரேம் போட்டுத் தன் ஜெராக்ஸ் கடைக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். கழிவறைக் கதவில் நீல பெயின்ட்டில் 'ஆராய்ச்சி மையம்' என்று எழுத வைத்தார். சாவி பச்சையம்மாவிடம் இருக்கட்டும் என்று முடிவானது. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஜோதிலட்சுமி புகைப்படம் எடுத்தாள். இணைப்பு ஏழு தயார்.

5

அனுமதி வர இன்னும் ஒன்பது மாதம் ஆனது.

அந்த ஒன்பது மாதத்தை எழுதினால் நீங்கள் இந்தப் பக்கத்தோடு எழுந்து போய்விடுவீர்கள், நான் தடுக்க மாட்டேன். இரண்டொன்று மட்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டார்கள். பிறகு அந்தத் தமிழை வேறொருவர் ஆங்கிலமாக்கிக் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். புகைப்படத்தில் தேதி இல்லை என்று ஒருமுறை, கதவு மூடியிருப்பதால் உள்ளே கழிவறைதான் என்பதற்கு ஆதாரமில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். ஒப்புதல் படிவத்தின் பதினோராவது பிரிவு தடித்த எழுத்தில் இல்லை என்பதற்காக ஒரு காலாண்டு முழுதும் போயிற்று. அந்தப் பிரிவு நினைவிருக்கட்டும், பின்னால் வேண்டும்.

2007 நவம்பரில், ஒப்புதல் படிவத்தின் அடியிலும் தலைவரின் கையெழுத்தும் முத்திரையுமாக அனுமதி வந்தது. ஆய்வேடு கொடுக்க மிச்சம் நாலு மாதம். ஜோதிலட்சுமி படிவக் கட்டோடு சந்துக்குப் பறந்தாள். வண்டியை நிறுத்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பச்சையம்மா தலையை அண்ணாந்து இரண்டு லிட்டர் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கருவாட்டுக்காரியின் பக்கத்தில் ஒரு குடம். கீரைக்காரி மோர் குடித்துக்கொண்டிருந்தாள். மையத்துக்கு ஓடிப்போய்ப் பதிவேட்டைப் பார்த்தாள். ஐந்து மாதமாக அந்தச் சந்திலிருந்து நீர்க்கடுப்பு என்று ஒருத்தியும் வரவில்லை. ஆய்வு செய்ய அனுமதி கிடைத்துவிட்டது, நோய்தான் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவளுக்கு அழுகை வந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

6

அவளுடைய வழிகாட்டி டாக்டர் ராஜகோபாலன் நல்ல மனிதர். மாணவர்கள் ஒரு வருடத்தை இழப்பதைச் சகிக்க மாட்டார்.

"இங்க பாருங்க ஜோதி, இது ஒரு ப்ராப்ளமே இல்ல. கழிவறை ஸ்டடிக்காகத் திறந்தது. ஸ்டடி இன்னும் ஆரம்பிக்கல. அப்போ அது திறந்திருக்கிறதே விதிமீறல். ஒரு ஆறு வாரம் பூட்டுங்க. நாம புதுசா எதுவும் செய்யல, பழைய நிலைமைக்குப் போறோம், அவ்வளவுதான்."

பூட்டினால் அவர்கள் மறுபடி தண்ணீர் குடிக்க மாட்டார்களே என்றாள். அதுதானே வேண்டும் என்றார். தலைப்பை மாற்றலாமா என்றாள். மாற்றினால் புது விண்ணப்பம், பதினான்கு பிரதி என்றார். அவள் அன்று முடிச்சூர் வரைக்கும் ஸ்கூட்டியை இருபதைத் தாண்டாமல் ஓட்டிப் போனாள்.

7

முடிவு (அ): ஜோதிலட்சுமி சாவியை வாங்கிப் பூட்டினாள். ஆறு வாரத்தில் முப்பத்தொரு பேருக்குத் தொற்று. அருமையான அட்டவணைகள். பச்சையம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள், பக்கம் 64-இல் அவள் ஒரு எண். மாநாட்டில் ஜோதிலட்சுமிக்கு முதல் பரிசு. (இதை இருபது நிமிடத்தில் எழுதினேன். இவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே பயமாக இருந்தது.)

முடிவு (ஆ): ஜோதிலட்சுமி படிவங்களைக் கிழித்துக் காற்றில்

(இல்லை. அந்தப் படிவங்களை ஒன்பது மாதம் திருத்திய எவளும் கிழிக்க மாட்டாள்.)

முடிவு (இ): சாவியைக் கேட்கத்தான் போனாள். வாய் வரவில்லை. எனவே ஒப்புதல் படிவத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு முழுதும் வாசித்துக்காட்ட வேண்டும் என்பது குழுவின் நிபந்தனை. பச்சையம்மா சங்கரா மீனைச் செதில் எடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பத்துப் பிரிவுகளும் செதிலோடு செதிலாகப் போயின. பதினோராவது பிரிவு வந்தது.

"நீங்கள் இந்த ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் நீங்கள் இப்போது பெற்றுவரும் எந்த வசதியும் பாதிக்கப்படாது."

கத்தி நின்றது.

"அத்த இன்னொரு தபா படி."

ஜோதிலட்சுமிக்கு அப்போதே புரிந்துவிட்டது. வேகமாகப் படித்துக் கடந்துபோயிருக்கலாம். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தாள். அவள் வாழ்க்கையில் ஒரு வருடத்தை அந்த நிதானத்தில்தான் கொடுத்தாள், எனக்கு அவள்மேல் மரியாதை வந்த இடமும் அதுதான்.

"இப்போ கீற வசதி எதுவும் போவாதுன்னு எழுதி கீதா?"

"ஆமாக்கா."

"கீழ யாரு கையெழுத்து?"

"குழுத் தலைவர். முத்திரையும் இருக்கு."

பச்சையம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எங்க நாப்பத்திரண்டு பேர்ல ஒருத்தரும் இதுல இல்ல. காரணம் சொல்ல மாட்டோம். அந்தப் பேப்பர்ல ஒண்ணு எங்களுக்குக் குடுக்கணுமில்ல?"

ஒரு பிரதி பங்கேற்பாளருக்குத் தரப்பட வேண்டும். பிரிவு பதினான்கு. ஜோதிலட்சுமி கொடுத்தாள். பச்சையம்மா அதை மடித்துச் சாவியோடு சேர்த்து முடிந்துகொண்டு, உட்காரச் சொல்லி, தன் பாட்டிலை நீட்டினாள். ஜோதிலட்சுமி மடமடவென்று பாதியைக் குடித்தாள்.

குமரவேலுக்கும் ஒரு நகல் போனது. முத்திரையைப் பார்த்தவர் அதையும் ஃபிரேம் போட்டார்.

8

இதோடு முடித்திருக்கலாம். முடித்திருந்தால் நான் கதாசிரியனாக மட்டும் இருந்திருப்பேன். துரதிர்ஷ்டவசமாக டிசம்பர் கூட்டத்துக்கும் எனக்குக் கார் அனுப்பினார்கள்.

ஜோதிலட்சுமியின் கடிதம் மேஜைமேல் இருக்கிறது. பங்கேற்பாளர்கள் எண்ணிக்கை: பூஜ்யம். காரணம்: கேட்கக் கூடாது என்பது விதி. கடைசியில் ஒரு வேண்டுகோள். கழிவறை திறப்பதற்கு முன்னும் பின்னும் நலவாழ்வு மையத்தில் பதிவான எண்ணிக்கைகளை, பெயர்களை நீக்கிவிட்டு, ஆய்வேடாக எழுதிக்கொள்ள அனுமதி வேண்டும். ஒரு கையெழுத்து போதும். அவளுக்கு வருடம் மிஞ்சும், அடுத்த சந்தில் கழிவறை கேட்கிறவர்களுக்கு ஒரு தாள் கிடைக்கும்.

புள்ளியியல் பேராசிரியர் சரி என்கிறார். வக்கீல் புது விண்ணப்பம் வேண்டும் என்கிறார். வழிகாட்டி என்ற முறையில் வந்திருக்கும் ராஜகோபாலன் ஜன்னலைப் பார்க்கிறார். தலைவர் என் பக்கம் திரும்பி, சாமானியர் ஏதாவது சொல்லப் பிரியப்படுகிறாரா என்கிறார்.

சென்ற முறை நான் வாயைத் திறந்ததில் ஒரு கழிவறை திறந்தது, ஒரு பெண்ணின் படிப்பு நின்றது. இரண்டையும் உத்தேசித்து நான் கேட்கவில்லை. இப்போது என்ன சொன்னேன் என்று எழுத மூன்று நாளாக முயற்சி செய்கிறேன். ஒன்றில் நான் மிகவும் நல்லவனாக இருக்கிறேன். மற்றொன்றில் முந்திரி எடுத்துக்கொள்கிறேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியும்.

பதினோராவது பிரிவின்படி இந்தக் கதையிலிருந்து விலகிக்கொள்கிறேன். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் இப்போது பெற்றுவரும் காரும் காபியும் முந்திரியும் இதனால் பாதிக்கப்படாது.

இனி நீங்கள்தான் சாமானியர். நாற்காலி காலியாக இருக்கிறது. வெளியே பெஞ்சில் ஜோதிலட்சுமி காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். தலைவர் இன்னும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள்.