அஞ்சாம் பக்கம்

சாவி பூட்டுக்குள்ள போகவே மாட்டேங்குது ஹஃப்சா. மூணு தடவ திருப்பிப் போட்டுப் பாத்தேன். கைல வாளி, தொடப்பம், தொவச்ச பெட்ஷீட்டு. குத்தால சீசனுக்கு முன்ன மேலகரத்துல எங்க வாடக ரூம் மூணையும் கழுவி விடுதது வருசா வருசம் நானும் உம்மாவுந்தான். பூட்டு புதுசுன்னு பெறவுதான் பாக்கேன். அதுக்குள்ள கதவு தொறந்துச்சு. ஈரத்துண்டோட ஒரு ஆளு.

"கிளீனிங்கா பாப்பா? சாயங்காலம் வா."

"இது எங்க ரூமுங்க."

"லாட்ஜ்காரருக்கு அட்வான்ஸ் குடுத்துருக்கோம். அங்க போய்ப் பேசு"ன்னு கதவச் சாத்திட்டான்.

வாளிய அங்கனயே போட்டுட்டு தென்காசிக்கு ஓடுனேன், வக்கீல் நம்பிராஜன்ட்ட.

அவரக் கண்டுபுடிச்சதே நாந்தானட்டி. வாப்பா சவுதில, தம்மாம்ல வேல பாத்த எடத்துலயே மவுத்தான பெறவு, ரூம எங்க பேருக்கு மாத்தணும்னு கோர்ட்டு வாசல்ல ஒவ்வொரு வக்கீலாப் போய் நின்னேன். எல்லாரும் "உங்கம்மாவக் கூட்டிட்டு வா"ன்னுட்டாங்க. உம்மா இத்தாவுல இருக்கா, நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆம்பளைய பாக்கக் கூடாதுன்னு எத்தன பேர்ட்ட சொல்ல? நம்பிராஜன் மட்டுந்தான், "ரிஜிஸ்ட்ராரையே வீட்டுக்குக் கூட்டிட்டு வாரேம்மா"ன்னாரு. எனக்கு அழுகையே வந்துட்டு.

"ஆம்பளப் புள்ள இல்லாததால உங்க சாச்சாவுக்கும் பங்கு உண்டு. வாரிசு சர்டிபிகேட்டுக்கு அவரே அலையட்டும், நீங்க ரெண்டு பேரும் அவரு பேருக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிக் குடுத்துருங்க"ன்னாரு. வாப்பாவோட தம்பி ரபீக் சாச்சாவும் ஒடனே சரின்னாரு.

பவர் பதிஞ்ச அன்னைக்கி ஆம்பளைங்க எல்லாம் முன்ரூம்ல. உம்மா திரைக்குப் பின்னால. ஆபீஸ்லருந்து வந்த அக்கா மிஷினத் தூக்கிட்டு உள்ள போய் உம்மாவ போட்டோ எடுத்துச்சு, பெருவெரல் ரேகைய வாங்குச்சு. பத்திரத்தோட எட்டுப் பக்கத்தையும் நாந்தான் உள்ளயும் வெளியயும் கொண்டு நடந்தேன். மொதப் பக்கத்த சத்தமா வாசிச்சேன். "வாரிசுச் சான்று பெறவும்"னு இருந்துச்சு. ரிஜிஸ்ட்ரார் வாட்ச்சப் பாத்தாரு. சாச்சா தொண்டையச் செருமுனாரு.

திரைக்குள்ளருந்து உம்மா கேட்டா, "பூராவும் படிச்சியாட்டி?"

"படிச்சேம்மா"ன்னேன்.

எனக்கு அப்பத்தான் பதினெட்டு முடிஞ்சு ஒரு மாசம். நானும் கையெழுத்துப் போட்டேன். வாப்பா இருந்தா சந்தோசப்படுவாருன்னு நெனச்சேன் பாத்துக்கோ.

இன்னைக்கி நம்பிராஜன் அஞ்சாம் பக்கத்த எடுத்து என் முன்னால போட்டாரு. "கிரயம் செய்து தொகை பெறவும்"னு இருக்கு. "இது உன் கையெழுத்துதான? ப்ளஸ் டூல தமிழ்ல எத்தன மார்க்கும்மா?"

தொண்ணூத்தேழு.

வக்கீல் ஆபீஸ் வாசல்ல வச்சே சாச்சாவுக்குப் போன் போட்டேன். "ரெண்டு பொம்பளைங்களால லாட்ஜ்காரங்கூட மல்லுக்கட்ட முடியுமாட்டி? அதான் அவனுக்கே வித்துட்டேன். பணம் எங்கிட்ட பத்தரமா இருக்கு. உன் நிக்காஹ நாந்தான செய்யணும்?"ன்னுட்டு வச்சுட்டாரு.

இன்னும் ஒம்பது நாள்ல இத்தா முடியுது. "மொத மொத நம்ம ரூமுக்குத்தாம்ட்டி போணும்"னு உம்மா பன்னெண்டு தலகாணி ஒற தச்சு அடுக்கி வச்சிருக்கா. வீட்டுக்கு வெறுங்கையோட வந்த என்னப் பாத்து, "வாளி எங்கட்டி?"ன்னு கேட்டா.

"ரூம்ல இருக்கும்மா"ன்னேன். சரின்னு சாவிய வாங்கி முந்தில முடிஞ்சுக்கிட்டா.

அந்த முடிச்ச அவுத்து அவ பூட்டுல போடும்போது, நான் என்னன்னு சொல்லுவேன் ஹஃப்சா?