ஒன்பதாம் மாடியில் பன்னி

சங்கு ஊதியபோது மாதம்மாள் கப்பலின் பதினைந்தாம் மாடியில் நின்று நீச்சல் குளத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கடலுக்கு நடுவில் குளம் கட்டி முங்குகிறார்களே, இவர்களுக்கு என்ன கேடு என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் அந்தச் சங்கு ஏழு தடவை விட்டுவிட்டு அலறி, எட்டாவதாக நீளமாக ஒரு ஊளை போட்டது. ஒலிபெருக்கியில் ஒருத்தி இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். அப்புறம் இந்தியில் சொன்னாள். மாதம்மாளுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிய ஆட்கள் ஓடுவதையும், பக்கவாட்டில் தொங்கிய படகு கீழே இறங்குவதையும் புரிந்துகொள்ள எந்த பாஷையும் வேண்டியதில்லை.

"அய்யய்யோ, கப்பலு முழுவுதே!"

அவள் புருஷன் தேவராஜ் ஒன்பதாம் மாடி அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்தவருக்கு மகள் கோகிலவாணி மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருந்தாள். கப்பல் கரைக்கு எட்டத்தில் நங்கூரம் போட்டதும் மகளும் மாப்பிள்ளையும் படகேறி ஊர் பார்க்கப் போய்விட்டார்கள். அந்த மனுஷனை எழுப்ப இவளை விட்டால் நாதியில்லை.

எல்லாம் இவள் இழுத்துவிட்ட வினைதான். சென்னையில் வேலை பார்க்கும் மகள் டிக்கெட் எடுத்தபோது, "நான் வல்ல. தண்ணி மேல இன்னா தூக்கம் வரும்?" என்று ஜவ்வாது மலையை விட்டு அசைய மாட்டேன் என்றவர் அவர். "மலைய இன்னா காக்காவா தூக்கிட்டுப் போவும்? கெளம்பு மாமா" என்று இழுத்து வந்தவள் இவள்.

லிப்ட் திறக்கவில்லை. எதிரே வந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, எண்ணி எண்ணி ஆறு மாடி இறங்கினாள். ஒன்பதாம் மாடியில் வந்து நின்றதும் தலை சுற்றியது. நீள நடை, இரண்டு பக்கமும் கதவுகள். எல்லாம் ஒரே நிறம், ஒரே கைப்பிடி. அறை எண்ணை அவள் மனதில் வைக்கவே இல்லை. புது இடத்தில் தங்கினால் வாசலில் வேப்பிலை கட்டுவது அவர்கள் வழக்கம். மலையிலிருந்து பைக்குள் மறைத்துக் கொண்டுவந்த கொத்தை நேற்றே கைப்பிடியில் கட்டிவிட்டாள். கோகிலவாணி நம்பரை எழுதித் தர வந்தபோது, "எங்க வாசலு எனக்குத் தெரியாதா?" என்று வீறாப்புப் பேசியவளும் இவளேதான்.

இப்போது எந்தக் கதவிலும் வேப்பிலை இல்லை. ஓரத்தில் நின்ற தள்ளுவண்டியின் குப்பைப் பையிலிருந்து அதன் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"பாவிங்களா! ஆத்தாளையே குப்பையில போட்டுட்டீங்களே!"

கதவு கதவாகத் தட்டினாள். ஒன்றில் யாரோ ஒரு அம்மாள் தலைத்துண்டோடு எட்டிப் பார்த்து, புரியாமல் ஏதோ சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டாள். "கோகிலா அப்பா! எழுந்திரு!" என்று கத்தினாள். அந்தக் கூப்பாட்டுக்கு அவர் என்றைக்கு எழுந்தார்? காலடியில் தரை லேசாக ஆடியது. தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்றே நினைத்தாள். கையோடு கூட்டிவந்து சாகடித்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் சாமைக் கொல்லை நினைவுக்கு வந்தது. கதிர் பிடித்துவிட்டால் இரண்டு பேரும் பரண் மேல் முறை வைத்துக் காவல் இருப்பார்கள். இடி விழுந்தாலும் புரளாத மனுஷன், ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் துள்ளி எழுவார். மாதம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு கையையும் வாயில் குவித்தாள்.

"ஓ...ஹோய்! பன்னி! பன்னி பூந்துடுச்சி! ஓ...ஹோய்!"

நடை முழுக்கக் கதவுகள் திறந்தன, தலைகள் நீண்டன. கடைக்கோடியில் ஒரு கதவு படாரென்று அடித்துக்கொண்டது. லுங்கியோடு தேவராஜ் பாய்ந்து வந்தார், கையில் சட்டை மாட்டும் கட்டை.

"எங்கடி? எந்தப் பக்கம் பூந்துச்சி?"

அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கட்டிக்கொண்டாள். "பன்னி இல்ல மாமா. கப்பலு முழுவுது. வா, ஓடிடலாம்!"

சத்தம் கேட்டு ஓடிவந்த கப்பல் ஊழியப் பெண் நல்லவேளையாகத் தமிழ்க்காரி. "பயப்படாதீங்கம்மா. கப்பலுக்கு ஒண்ணும் ஆகல. இது எங்க ஆளுங்களுக்கு நடக்குற ஒத்திகை. மைக்குல சொன்னாங்களே."

மாதம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தேவராஜ் பக்கத்தில் குந்தினார்.

"மேலதான படகு கீது? நீ அப்படியே ஏறிப் போறதுக்கு இன்னா?"

"பரண் மேல உன்ன வுட்டுட்டு எந்த நாளு நான் எறங்கினேன்?"

அவர் கட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார்.