நூறாம் எண்ணுக்கு ஒரு முக்காலி

லெனோர் புக்கோல்ஸ் எழுதிய மந்திரப் பொருள் எதுவும் யாரையும் கொல்லாது. அந்த ஒரு விஷயத்தில் அவள் பிடிவாதக்காரி.

பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக்குவது அவள் வேலை. நூடுல்ஸ் வேகிற நேரத்தில், பால் ஆர்டர் எழுதும் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவாள். சனிக்கிழமை மத்தியானம் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, வாய்ப்பேச்சாலேயே குகையும் கோட்டையுமாகச் சுற்றி வருகிற ஆட்டம். கதையை நடத்துகிறவள் லெனோர். ஆடுகிறவர்கள் புதையல் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதை அவளுடைய பட்டியல்தான் சொல்லும். அதில் நூறு எண்கள்; பகடையில் எந்த எண் விழுகிறதோ அந்த எண்ணில் எழுதிய பொருள் கிடைக்கும்.

பன்னிரண்டாம் எண்ணில் ஒரு கிண்ணம். தாமதமாக வருகிறவனுக்காகச் சூப்பை எத்தனை மணி நேரமானாலும் சூடாக வைத்திருக்கும். நேரத்துக்கு வந்தவன் குடித்தால் ஆறிப்போயிருக்கும். முப்பத்துநான்கில் ஒரு ஜோடிக் கையுறை. ஒன்று தொலைந்தால் மற்றது விரல்களால் நடந்து தேடப் போகும். நாற்பத்தொன்றில் ஒரு விளக்கு. பக்கத்தில் யாருக்காவது அழுகை வந்தால், மற்றவர்கள் பார்த்துவிடாதபடி தானே அணைந்துகொள்ளும். ஐம்பத்தேழில் ஒரு ஜோடிப் பூட்ஸ். எதை மிதித்தாலும் சத்தமாக மன்னிப்புக் கேட்கும். அறுபத்தெட்டில் ஒரு வாள். கோபத்தோடு உருவினால் வெண்ணெய் தடவுகிற கத்தியாகிவிடும்.

பெருமை பாவம் என்று ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனாலும் ஆண்டவரே தாம் செய்ததைப் பார்த்து நல்லது என்று கண்டாரே. தட்டச்சு செய்த பத்துப் பக்கங்களைத் தானும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டால் குற்றமில்லை என்று நினைத்தாள். ஒரு நிமிஷம் பத்து நிமிஷமானது வேறு விஷயம்.

அந்தப் பக்கங்களைத்தான் ஷெபாய்கனில் சின்ன அச்சகம் வைத்திருந்த ராண்டால்ஃப் கெர்ஸ்டனுக்கு அனுப்பினாள். இந்த மாதிரி ஆட்டப் புத்தகங்கள் போடுகிறவர் அவர். பதில் நான்கே வரியில் வந்தது. பட்டியல் பிடித்திருக்கிறது. மார்ச் மாதம் ஃபான் டு லாக் நகரில் நடக்கும் ஆட்டக் கூடுகையில், முன்பின் தெரியாத ஆட்களோடு தன் கண்முன்னே அதை ஆடிக் காட்ட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் பட்டியல் காலை வாரிவிட்டால் அச்சிடமாட்டார்.

ஆகவே 1984 மார்ச்சின் ஒரு சனிக்கிழமை, கண்காட்சித் திடலின் பெரிய கூடத்தில் லெனோர் உட்கார்ந்திருந்தாள். செப்டம்பரில் பரிசு மாடுகளை நிறுத்துகிற கூடம். என்ன கழுவினாலும் வாசனை போகவில்லை. இப்போது அங்கே நாற்பது மேஜைகள். கதை நடத்துகிறவரைத் தவிர மேஜைக்கு ஆறு நாற்காலி, ஆறு ஆட்டக்காரர், அதற்கு மேல் கிடையாது. இடம் கிடைக்காதவர்கள் காத்திருப்பு டோக்கன் வாங்கிக்கொண்டு, யாராவது வராமல் போவார்களா என்று ஓரமாக நிற்கலாம்.

லெனோரின் மேஜையில் தெரிந்த முகம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்குப் பால் கொண்டுவரும் ஆர்வில் ப்ராக்னோ. கதையில் அவர் திருடன், அதுவும் ஐம்பத்தேழாம் எண் பூட்ஸ் போட்ட திருடன். மற்றவர்களில் நான்கு பேர் ஓஷ்காஷிலிருந்து சேர்ந்து வந்த நண்பர்கள். ஆறாவது, வெண்டெல் என்ற கல்லூரி மாணவன். அவனுக்கு எதையாவது வெட்டினால்தான் மனசு ஆறும்.

கெர்ஸ்டன் வெண்டெலின் முதுகுக்குப் பின்னால், கையில் பட்டியலோடு நின்றார். ஒல்லியான மனிதர். முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை.

இரண்டு மணி நேரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. இருட்டு மாளிகையில் ஆர்வில் பூனை மாதிரி நுழைய, பூட்ஸ் ஒவ்வொரு படிக்கும் "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று கத்த, காவலாளி விழித்துக்கொண்டான்.

"இதைப் போட்டுக்கிட்டுத் திருடப் போறதுக்கு, பேண்டு வாத்தியத்தோட போகலாம்" என்றார் ஆர்வில்.

"அந்தக் காவலாளிகிட்ட இதுவரைக்கும் யாரும் மன்னிப்பே கேட்டதில்ல" என்றாள் லெனோர், காவலாளியின் குரலில். "அவன் சொல்றான்: பரவாயில்ல, பாத்துப் போங்க. வலது பக்கம் மூணாவது படி உடைஞ்சிருக்கு."

ஓஷ்காஷ்காரர்கள் சிரித்தார்கள். பின்னால் தூண் பக்கமிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. லெனோர் நிமிர்ந்து பார்த்தாள். நர்ஸ் உடுப்புக்கு மேல் கோட்டு மாட்டிய ஒரு பெண், கையில் காத்திருப்பு டோக்கனோடு தூணில் சாய்ந்து நின்றாள். தொடக்கத்திலிருந்தே அங்கேதான் நிற்கிறாள். லெனோர் அவளைப் பார்த்தாள், மறுபடி தாளுக்குத் திரும்பினாள். இன்றைக்கு அவளுக்குத் தாள்தான் முக்கியமாக இருந்தது.

கதை ஒரு பாலத்துக்கு வந்தது. குறுக்கே ஒரு கல் அரக்கன். முந்நூறு வருஷமாக நின்ற இடத்தை விட்டு அசையாதவன். யாரையும் கடக்க விடாதவன். பாலத்தின் அடியில் ஒரு பெட்டி இருந்தது. வெண்டெல் பாய்ந்து திறந்தான்.

"தயவுசெஞ்சு ஒரு கோடாலி, மிசஸ் புக்கோல்ஸ். சூப்புக் கிண்ணம் வேணாம். இவனை உடைச்சாத்தான் தாண்ட முடியும்."

"உருட்டுப்பா, பாக்கலாம்."

பத்து முகமுள்ள இரண்டு பகடைகள். சிவப்பு, பத்தின் இடம். வெள்ளை, ஒன்றின் இடம். இரண்டிலும் பூஜ்யம் விழுந்தால் நூறு என்று கணக்கு. வெண்டெல் உருட்டிய வேகத்தில் பகடைகள் மேஜையைத் தாண்டி, லெனோர் தன் குறிப்புகளை மறைக்க நிறுத்தியிருந்த அட்டைத் தடுப்புக்குள் போய் நின்றன. அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

சிவப்பில் பூஜ்யம். வெள்ளையில் பூஜ்யம்.

அவள் முதல் பக்கத்தைப் புரட்டினாள். முதல் வரியில் தலைப்பு மட்டும்தான் இருந்தது; நூறுக்கு எந்தப் பொருளும் இல்லை.

எப்படி நடந்தது என்று அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. இரட்டைப் பூஜ்யத்தில் தொடங்கிப் பக்கத்துக்குப் பத்தாகப் பத்துப் பக்கம் கோடு போட்டபோது, அது விசேஷமான எண், அங்கே மிகச் சிறந்ததை வைக்க வேண்டும் என்று முதல் வரியை விட்டு வைத்தாள். தொண்ணூற்றொன்பதும் எழுதி முடித்தாள். எல்லாமே நன்றாக வந்த சந்தோஷத்தில் அந்த வரியை மறந்தாள். தட்டச்சு செய்யும்போது அதன் மேல் தலைப்பை அடித்துவிட்டாள்.

"என்ன விழுந்துது?" என்றான் வெண்டெல்.

அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு என்று சொல்லலாம். நாற்பத்தொன்று என்று சொல்லலாம். கெர்ஸ்டன் தலையாட்டிக்கொண்டு போய்விடுவார், புத்தகம் வரும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் பகடையை மாற்றிச் சொல்கிறவளின் கதையில் அப்புறம் யார் எதை நம்புவது? இந்தப் பையன் கோடாலிதான் கேட்டான், சரி. அவனுக்கு விழுந்தது அவனுடையது.

அவள் அட்டையை மடக்கி வைத்தாள்.

"ரெண்டு பூஜ்யம்" என்றாள். "நூறு."

ஓஷ்காஷ்காரர்கள் கைதட்டினார்கள். கெர்ஸ்டன் தன் தாளைப் புரட்டினார். ஒருமுறை, மறுமுறை.

"என்கிட்ட நூறுக்கு எதுவும் இல்லையே, மிசஸ் புக்கோல்ஸ்."

"என்கிட்டயும் இல்ல" என்றாள். "தப்பு என்னோடது. அந்த வரியை விட்டுட்டேன்."

ஆர்வில் முந்திக்கொண்டு, "தொண்ணூத்தொன்பது எழுதத் தெரிஞ்சவளுக்கு இன்னொண்ணா தெரியாது? சொல்லும்மா" என்றார்.

கெர்ஸ்டன் தாளை மடித்தார். "சரி, சொல்லுங்க. பெட்டி திறந்து கிடக்கு."

லெனோருக்கு ஒன்றும் தோன்றவில்லை. மனசுக்குள் ஒரு சின்ன ஜெபம் சொன்னாள். வார்த்தைகூட இல்லாத ஜெபம். கண்ணை உயர்த்தியபோது தூண் தெரிந்தது. அந்த நர்ஸ் வலது காலை ஷூவிலிருந்து பாதி உருவி, இடது கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணி நேரமாக ஒருத்தி நிற்கிறாள். அன்பான பொருள்களைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவள் அதைப் பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறாள். லெனோருக்கு முகம் சூடேறியது. சின்ன வயதில், அப்பா சாப்பாட்டு ஜெபத்தில் ஆண்டவரை விருந்தாளியாக வரும்படி அழைக்கும்போதெல்லாம், அப்படியானால் அவருக்கு நாற்காலி எங்கே என்று அவள் கேட்டிருக்கிறாள். அப்பா சிரித்தார். நாற்காலி மட்டும் யாரும் போடவில்லை.

"பெட்டிக்குள்ள ஒரு முக்காலி இருக்கு" என்றாள் மெதுவாக. "உள்ளங்கை அளவு. சட்டைப் பையில போட்டுக்கலாம். தரையில வெச்சா பெரிசாகும். அதை எங்க வெச்சாலும் அங்க இன்னொருத்தருக்கு இடம் இருக்கும். எவ்வளவு நெருக்கமா உக்காந்திருந்தாலும் சரி, ஏற்கெனவே உக்காந்திருக்கிறவங்களுக்கு இடிக்காது. ஒரே ஒரு விஷயம். அதுக்குச் சொந்தக்காரர் அதுல உக்கார முடியாது. அவர் உக்காரப் போனா தடுக்கி விழுவார்."

வெண்டெல் அவளையே பார்த்தான். "நான் உக்காரவே முடியாதா?"

"முடியாது."

"அப்ப எனக்கு என்ன லாபம்?"

"உன் பக்கத்துல வந்து உக்கார்ற ஆள்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பயன்படுத்தலாம்?" இது கெர்ஸ்டன். அச்சுக்காரர் கேள்வி.

"கணக்கு இல்ல."

"கணக்கு இல்லாத பொருள் ஆட்டத்தோட சமநிலையை உடைக்கும், தெரியுமில்ல?"

"இது உடைச்சா உடைக்கட்டும் சார்."

வெண்டெல் கொஞ்ச நேரம் தன் தாளில் கிறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு லெனோரின் பார்வை அடிக்கடி எங்கே போகிறது என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். காது சிவந்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டு ஒரு முழம் இடம் விட்டான்.

"நான் முக்காலியை இங்க வைக்கிறேன்" என்றான். பிறகு தூணைப் பார்த்து, "அக்கா, வரீங்களா?"

"மேஜைக்கு ஆறு பேர்தான்னு சொன்னாங்க" என்றாள் நர்ஸ்.

"முக்காலி இருக்கும்போது அது செல்லாது. அவங்களே சொன்னாங்க. இடிக்காதாம்."

கூடத்தில் காலியாக ஒரு நாற்காலி கிடையாது. ஆர்வில் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் பால் அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டி. கவிழ்த்து வைத்து, தன் கோட்டை மடித்து மேலே போட்டார். ஏழாவது ஆளைப் பார்த்தும் கூடுகையை நடத்துகிறவர்கள் யாரும் தடுக்கவில்லை. பெட்டியைக் கண்டு ஒருவர் சிரித்துவிட்டுப் போனார்.

நர்ஸின் பெயர் கோரின். இரவு வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். உட்கார்ந்ததும் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். லெனோர் தான் கொண்டுவந்த, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்டுச் செய்த கேக்கில் ஒரு துண்டை அவள் பக்கம் தள்ளினாள்.

"அரக்கன் இன்னும் நிக்கிறான்" என்று ஞாபகப்படுத்தினார் ஓஷ்காஷ்காரர் ஒருவர். "இந்த முக்காலியை அவன் தலையில போட்டு உடைக்கலாமா?"

"நான் புதுசு. ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் கோரின், கேக்கை மென்றபடி. "அவனை யாராவது உக்காரச் சொன்னீங்களா?"

"யாரை?"

"அரக்கனைத்தான். முந்நூறு வருஷமா நிக்கிறான்னு சொன்னாங்களே. நாங்க ராத்திரி முழுக்க வார்டுல நிக்கிறோம். விடியற்காலையில வர்ற கோவத்துல பாதி கால்வலிதான்."

எல்லாரும் லெனோரைப் பார்த்தார்கள். லெனோர் வெண்டெலைப் பார்த்தாள். வெண்டெல் ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்து, அதுதான் முக்காலி என்பதுபோல மேஜை நடுவில் வைத்தான்.

"உக்காருங்க ஐயா" என்றான்.

லெனோர் குரலைத் தாழ்த்தினாள். "அரக்கன் குனிஞ்சு பாக்கிறான். இப்படி யாரும் அவன்கிட்ட சொன்னதில்ல. முழங்கால்லேர்ந்து கல்தூசி கொட்டுது. மெதுவா உக்கார்றான். பாலம் காலியா இருக்கு. போங்கன்னு கையை ஆட்டறான்."

அவர்கள் கடந்தார்கள். கடைசியாக ஆர்வில். ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸ் பாலத்தின் கற்களிடம் மன்னிப்புக் கேட்டது. "பரவாயில்ல, அவங்க எல்லாம் என் சொந்தக்காரங்கதான்" என்றான் அரக்கன். வெண்டெல் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். கோடாலியை அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கோட்டு மாட்டுகிற நேரத்தில் கெர்ஸ்டன் லெனோரிடம் வந்தார்.

"முப்பத்துநாலுல அந்தக் கையுறை எவ்வளவு தூரம் நடக்கும்னு எழுதல. எழுபத்திரண்டுல ஒரு எழுத்துப்பிழை."

"சரி சார்."

"பகடையை நான் பாக்கல. வேற எண் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் லெனோர்.

அவர் தலையாட்டினார். "ஆகஸ்டுல அச்சுக்குப் போகுது. முக்காலியை அட்டைப்படத்துல போடலாம்னு பாக்கறேன்." தன் பிரதியின் முதல் பக்கத்தை எடுத்துப் பேனாவோடு நீட்டினார். "இதுலேயே எழுதிக் குடுங்க. வீட்டுக்குப் போனா மாத்திடுவீங்க."

தலைப்புக்குக் கீழே இருந்த இடுக்கில், பள்ளிக்கூட உணவுப் பட்டியல் எழுதுகிற உருண்டைக் கையெழுத்தில் அவள் எழுதினாள். சொந்தக்காரர் தடுக்கி விழுவார் என்பதை எழுதும்போது தானே சிரித்துக்கொண்டாள். பிறகு படித்துப் பார்த்தாள். உப்புச் சரியாக விழுந்த குழம்பைக் கரண்டியில் எடுத்துச் சுவைத்தால் வருகிற நிம்மதி. நன்றாக இருந்தது. மற்ற தொண்ணூற்றொன்பதையும்விட நன்றாக இருந்தது. அதை யாரிடமும் மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கோரின் இன்னும் பெட்டியில் உட்கார்ந்து வெண்டெலிடம் அடுத்த ஆட்டத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். ஆர்வில் சாவியைக் குலுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பெட்டி எனக்கு வேணும்மா. பால் வண்டியோடது."

"எப்ப வேணும்?" என்றாள் கோரின்.

ஆர்வில் யோசித்தார். "திங்கட்கிழமை காலையில" என்று சொல்லிவிட்டு, மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, மிச்சமிருந்த கேக்கைச் சாப்பிடத் தொடங்கினார்.